சொல்லாமல் விட்ட பக்கவிளைவு

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துப் படித்திருக்கிறீர்களா? படிக்காதவரை நிம்மதி. எறும்பு சைஸ் எழுத்தில், தலைவலியில் ஆரம்பித்து, வாந்தி, மயக்கம், தோல் அரிப்பு, ஈரல் பாதிப்பு என்று வரிசையாகப் போகும். முழுசாகப் படித்து முடித்தால், 'இதுக்கு அந்தக் காய்ச்சலே தேவலையே' என்று தோன்றிவிடும்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இந்த விஷயத்தில் கறாரானவர். "பக்கவிளைவு பத்தி நான் வாயே திறக்க மாட்டேன் சார். சொன்னா, வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதிப் பேருக்கு அதெல்லாம் வந்துடும். மீதிப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. பயமுறுத்தி அனுப்பவா நான் டாக்டருக்குப் படிச்சேன்?" என்பார்.

அவர் சொல்வதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மருந்தே இல்லாத வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, 'தலைசுற்றல் வரலாம்' என்று சொன்னால், சிலருக்கு நிஜமாகவே தலை சுற்றுகிறது. மருத்துவ ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. பயத்துக்கும் ஒரு வீரியம் உண்டு.

அப்படியானால் கேள்வி இதுதான். ஒருவருடைய நல்லதுக்காகவே உண்மையை அவரிடமிருந்து மறைக்கலாமா?

அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் என்றால் இந்தக் கேள்விக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஆனால், வாழ்நாள் முழுக்க, ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்தாக இருந்தால்? அந்த மாதிரி மருந்துகளில் இந்தக் கேள்வி உயிரோடு விளையாடுவது ஹெச்.ஐ.வி. மாத்திரையில்தான்.

காரணம், அந்த வைரஸின் குணம். அது அசுர வேகத்தில் தன்னைத்தானே நகல் எடுக்கும். எடுக்கும்போதெல்லாம் தப்பும் தவறுமாக எடுக்கும். மாத்திரையை நாலு நாள் போட்டு நாலு நாள் விட்டால், ரத்தத்தில் மருந்து குறைகிற இடைவெளியில் வைரஸ் பெருகும். அந்தத் தப்பு நகல்களில் ஏதோ ஒன்று, அரைகுறை மருந்துக்கு அசையாத வகையாக இருக்கும். அது ஜெயித்துவிட்டால், அப்புறம் அதே மருந்தை டப்பா டப்பாவாக விழுங்கினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் ஏ.ஆர்.டி. மையங்களில் 'ஒருவேளைகூட விடாதீங்க' என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

'சரிதானே... அப்போ பக்கவிளைவைச் சொல்லாமல் விடுவதுதானே புத்திசாலித்தனம்? பயந்துபோய் விட்டுவிட்டால் ஆபத்தாச்சே!' என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் கொஞ்சம் பழைய கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிய வந்தது நம்ம சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்போது மருந்து எதுவும் கிடையாது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்தது. ஆனால், ஒருவருக்கு ஒரு வருடத்துக்கான செலவு 10,000 டாலருக்கு மேல்! 2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா கம்பெனி, அதே மாதிரி மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்குச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவச சிகிச்சையை ஆரம்பித்தது. தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் எழுந்து நடந்த காலம் அது.

அந்த மலிவுக் கூட்டில் ஸ்டாவுடின் என்று ஒரு மருந்து இருந்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனால், மாதங்கள் போகப் போக அது தன் கூலியை வாங்கிக்கொண்டது. பாதம் எரியும், மரத்துப்போகும். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். அபூர்வமாகச் சிலருக்கு ரத்தத்தில் ஒருவகை அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சுவாங்கலுமாக வந்து, உயிருக்கே உலை வைக்கும். 2009-ல் உலக சுகாதார நிறுவனமே 'ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டது.

இப்போது ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டெய்லரிங் யூனிட்டில் வேலை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டாவது மாதம் கண்ணாடியில் பார்க்கிறார். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. என்ன நினைப்பார்? 'நோய் முத்திப் போச்சு... மாத்திரை வேலை செய்யலை' என்றுதானே? கால் எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ தைலம் வாங்குவார். வாந்தி வந்தால் 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடிப்பார். ஒருநாள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

அதே பெண்ணிடம் முதல் நாளே, 'பாதம் எரிஞ்சா உடனே வாங்க, வேற மருந்து மாத்திக்கலாம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால்? எரிச்சல் ஆரம்பித்த வாரமே வந்து நின்றிருப்பார். மாற்று மருந்து இருந்தது. கரைந்த கன்னம் சுலபத்தில் திரும்பாது. ஆனால், காலத்தில் மாற்றினால் கரையாமல் காப்பாற்றியிருக்கலாம்.

ஆக, சொன்னதால் மாத்திரையை விட்டவர்கள் மட்டும் இல்லை. சொல்லாததால் விட்டவர்களும் உண்டு. என்ன வித்தியாசம் என்றால், சொன்னதால் பயந்தவர் டாக்டரிடம் வந்து சண்டை போடுவார். சொல்லாததால் ஏமாந்தவர் திரும்பி வரவே மாட்டார். வராதவர்கள் டாக்டரின் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் என் டாக்டர் நண்பருக்குத் தன் முறை வெற்றிகரமாகத் தெரிகிறது!

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்... எனக்கு இது பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் படுகிறது. கடனைக் கணக்கில் காட்டாமல் விட்டால் கடன் காணாமல் போய்விடாது. வட்டியோடு, எதிர்பாராத நாளில் வாசலில் வந்து நிற்கும். ஆட்டோவின் பின்சீட்டில் போகிறவருக்கு ரோட்டில் பள்ளம் எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. தினமும் தானே ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வாழ்நாள் மாத்திரையை ஓட்டுகிறவர் டாக்டர் இல்லை, நோயாளிதான்.

'எங்களுக்கும் தெரிஞ்சே ஆகணும்' என்று அந்த நோயாளிகளே எழுந்து நின்று கேட்ட சம்பவம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் நடந்தது.

இன்றைக்கு உலகம் முழுக்க முதல் தேர்வாகத் தரப்படும் ஹெச்.ஐ.வி. மருந்து டோலுடெகிராவிர். 2018 மே மாதம், போட்ஸ்வானா நாட்டில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்விலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கருத்தரித்த 426 பெண்களில் நாலு பேரின் குழந்தைகளுக்கு மூளை, தண்டுவட வளர்ச்சியில் குறைபாடு. வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவில் வருவது. உடனே பல நாடுகள் என்ன செய்தன தெரியுமா? 'குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்கு இந்த மருந்து வேண்டாம்' என்று கதவைச் சாத்தின. தலைசுற்றல், கெட்ட கனவு என்று படுத்தும் பழைய மருந்தே அவர்களுக்கு. ஆண்களுக்கு மட்டும் புதுசு.

அதே வருடம் ஜூலையில், ருவாண்டாவின் கிகாலி நகரில், ஹெச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் பல நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: ஆபத்து இருந்தால் எவ்வளவு என்று எங்களிடம் சொல்லுங்கள். பழைய மருந்தின் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருத்தடை வசதியும் கொடுங்கள். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வு தொடர்ந்தது. நாலு பேர் என்பது, எண்ணிக்கை சேரச் சேரக் கரைந்துகொண்டே வந்தது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், பெண்கள் உட்பட எல்லோருக்கும் இந்த மருந்தையே பரிந்துரைத்தது. இன்னும் சில வருடங்களில், மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்துபோனது. ஒருவேளை அந்த ஆபத்து நிஜமாகவே இருந்திருந்தாலும், கிகாலியில் கூடிய பெண்கள் கேட்டது நியாயம்தான். ஏனென்றால், அவர்கள் கேட்டது மருந்தை மட்டும் இல்லை; தங்களைப் பெரியவர்களாக நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

'அப்போ அந்த எட்டாக மடித்த காகிதத்தையே படிச்சுக் காட்டிடலாமா?' என்று கேட்காதீர்கள். அதுவும் ஒருவகை மறைப்புதான். நாற்பது வியாதியை ஒரே மூச்சில் சொன்னால், எது சாதாரணம், எது அபாயம் என்று யாருக்குப் புரியும்? அந்தக் காகிதம் கம்பெனி தன் தலை தப்பிக்க அச்சடிப்பது. நோயாளிக்குத் தேவையான உண்மையில் மூன்று விஷயம் இருந்தால் போதும். எது வரலாம், எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

உதாரணத்துக்கு, 2020-க்குப் பிறகு நம் அரசு மையங்களிலும் பரவலாகத் தரப்படும் மூன்று மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் குமட்டல், தலைவலி வரலாம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். தூக்கம் கெட்டால், டாக்டரைக் கேட்டு ராத்திரிக்குப் பதில் காலையில் போடலாம். எடை கூடலாம். அதில் இருக்கும் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். அதற்குத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அதைத் தவிர்க்கக் கூடாது. உடம்பெல்லாம் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் மஞ்சள், மூச்சுத்திணறல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எதுவாக இருந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. கூடவே ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு, திடீரென்று நிறுத்தினால் ஈரலும் கொதித்தெழும்.

அவ்வளவுதான். ஐந்து நிமிஷப் பேச்சு. இதில் பயமுறுத்தல் எங்கே இருக்கிறது?

இந்த உண்மை இரண்டு பக்கமும் போக வேண்டும். டாக்டர் எல்லாம் சொன்னார், நோயாளி சொன்னாரா? நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் வகை மருந்துக்கும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் டோலுடெகிராவிரோடு ஒத்துப்போகாது. மருந்து ரத்தத்தில் சேராமல் தடுத்துவிடும். இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். எவ்வளவு என்று டாக்டர் சொல்வார், நாம் சொன்னால்! டி.பி.க்கான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் டோலுடெகிராவிரின் அளவையே இரண்டு வேளையாக்க வேண்டும். வலிப்பு மருந்து, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, எல்லாமே சொல்ல வேண்டியவைதான். முக்கியமாக, விட்டுப்போன வேளைகள். 'கரெக்டா போடுறீங்களா?' என்றால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி 'போடுறேன் சார்' என்று தலையாட்டுகிறோம். அந்தப் பொய்யை நம்பி, டாக்டர் நல்ல மருந்தை மாற்றிவிடக்கூடும்.

ஆனால், அந்தப் பொய்க்குக் காரணம் அவர் மட்டும்தானா? அதையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, அரிசி டின்னுக்குள் வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூன்று நாள் போனால், 'என்ன மாத்திரை அது?' என்று அத்தை கேட்பாரே என்று மூன்று நாளும் போடாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஒழுங்காக மாத்திரை போட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து தாம்பத்தியத்தின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது என்று பெரிய ஆய்வுகள் நிரூபித்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு மாத்திரை விழுங்குகிறார் என்றால், அவர் பயப்படுவது வைரஸுக்கு இல்லை. நமக்குத்தான்.

குமட்டலுக்கு மருந்து இருக்கிறது. தூக்கம் கெட்டால் நேரத்தை மாற்றலாம். சிறுநீரகம் முணுமுணுத்தால் மருந்தையே மாற்றலாம். நம்முடைய பார்வையால் ஒருவர் விட்டுவிடுகிற அந்த மூன்று நாள் மாத்திரை மட்டும் எந்தக் காகிதத்திலும் அச்சாகவில்லை. அதை மாற்ற டாக்டரால் முடியாது. அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஓரமாகப் போய் மாத்திரை போட்டால், 'என்ன மாத்திரை?' என்று கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். போதும்.