முகம் பாராத உதவி

1

மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் தினமும் ஏறுகிறவர்களிடம் பயணத்தைப்பற்றிக் கேட்டால் கூட்டத்தைப்பற்றிச் சொல்வார்கள். நடுவழியில் வண்டி நின்றுவிடுவதைப்பற்றிச் சொல்வார்கள். படியைப்பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். படி அவர்கள் பிரக்ஞையில் இல்லை. எங்கே இறங்குவது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவேண்டியது. எப்படி இறங்குவது என்ற கேள்வியை அவர்களுடைய கால்கள் குழந்தைப்பருவத்திலேயே தீர்த்துவைத்துவிட்டன.

இளம்பிள்ளைவாதம் தாக்கிய கால்களோடு, அல்லது தொழிற்சாலையிலோ கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலோ இழந்த காலோடு, அல்லது வெறும் முதுமையோடு சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு இந்த வரிசை தலைகீழாகிறது. எப்படி என்பது முதலில். எங்கே என்பது அதற்கப்புறம். போகத்தான் வேண்டுமா என்பது கடைசியில். அவர் மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசற்படியிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. நிலையத்துக்குள் நுழைகிற இடம் எப்படி இருக்கிறது. வண்டி எந்த ப்ளாட்ஃபாரத்துக்கு வரும். அதற்குப் பாலம் ஏறவேண்டுமா. கடைசி நேரத்தில் ப்ளாட்ஃபாரத்தை மாற்றி அறிவித்தால் என்ன செய்வது. இவை எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் பெட்டியின் வாசல் இருக்கிறது. நம் ரயில்வேயின் உயர்மட்ட ப்ளாட்ஃபாரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். மின்சார ரயில் பெட்டியின் தளம் அதற்கும் ஒரு சாணுக்கு மேலே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய பெட்டி வண்டியில் உண்டு. அது வந்து நிற்கிற இடத்தை அடைந்து, வண்டி நிற்கும் அந்தச் சிறுபொழுதுக்குள், அந்த ஒரு சாணையும் கடந்தாக வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. விம்கோ நகரில் இறங்கினால் மெட்ரோ. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டிக்கப்பட்ட பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே லிஃப்ட் உண்டு. ப்ளாட்ஃபாரமும் பெட்டியும் ஒரே மட்டம். சென்ட்ரலுக்கு நேராகப் போகலாம். ஆனால் அந்தச் சமதளத்தை அடைவதற்கு முன்னால், மீஞ்சூரில் ஒரு முறை ஏறியும் விம்கோ நகரில் ஒரு முறை இறங்கியும் ஆகவேண்டும். ரயிலிலேயே கடைசிவரை போனால் இன்னொரு சௌகரியம். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோன இடத்தில் எழுந்த புறநகர் முனையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுவதால், ப்ளாட்ஃபாரத்தை விட்டு வெளியேறப் பாலம் ஏறவேண்டியதில்லை. யாரும் அவரை நினைத்துச் செய்தது அல்ல இது; தண்டவாளம் அங்கே தீர்ந்துபோனதன் தற்செயல். இப்படித் தற்செயல்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அவர் புறப்பட வேண்டியிருக்கிறது.

2

இதைத் திட்டமிடுதல் என்று சொல்லிப் பாராட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு. அவருடைய பொறுமை, நகரத்தைப்பற்றிய அவருடைய நுணுக்கமான அறிவு என்றெல்லாம் வியக்கிறோம். உண்மைதான். இந்த ரயில் பாதையின் உயரங்களும் இடைவெளிகளும் அவருக்குத் தெரிந்த அளவு பொறியாளர்களுக்கே தெரியாது. ஆனால் இந்த அறிவை அவர் விரும்பித் தேடிக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து வசூலிக்கப்படும் ஒரு வரி இது. மற்றவர்கள் செலுத்தாத வரி.

இந்த வரியில் அவர் இழப்பது நேரம் மட்டும் என்றால் பிரச்னை சிறியது. தண்டையார்பேட்டையில் ஒரு சாவு, எடுப்பதற்குள் போகவேண்டும். அல்லது காரணமே இல்லாமல், சாயங்காலம் நண்பனைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவனுடைய சுதந்திரம் அவன் போகிற இடத்தில் இல்லை, கிளம்பிவிடுவதில் இருக்கிறது. திட்டமிட்டே போகமுடியும் என்ற நிலையில் உள்ளவருக்குத் தக்க காரணம் உள்ள பயணங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன: மருத்துவமனை, வங்கி, சான்றிதழ் தரும் அலுவலகம். காரணம் காட்டத் தேவையில்லாத பயணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. ஒரு மனிதனின் வாழ்க்கையில் எது அவனுடையது என்று கேட்டால், பெரும்பாலும் காரணம் காட்டத் தேவையில்லாதவைதான்.

ஸார்த்தர் தம் ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் (1943) ஒரு பாறையை உதாரணம் சொல்கிறார். ஏறவேண்டும் என்று நினைப்பவனுக்குத்தான் பாறை தடை. பார்த்து ரசிக்க வந்தவனுக்கு அது வெறும் காட்சி. தடை என்பது பொருளில் இல்லை, நம் நோக்கத்தில் பிறக்கிறது என்பது அவர் வாதம். பாறைக்கு இது பொருந்தும். ரயில்வே பாலத்தின் படிக்கு முழுக்கப் பொருந்தாது. பாறையை யாரும் அங்கே வைக்கவில்லை. படியை ஒருவர் வரைந்தார், ஒருவர் கையெழுத்திட்டார், ஒருவர் கட்டினார். படியின்முன் நிற்கிறவர் மோதுவது கல்லோடு அல்ல, இன்னொருவருடைய தீர்மானத்தோடு. யார் ஏறுவார்கள் என்ற கேள்விக்கு எப்போதோ சொல்லப்பட்ட பதிலோடு. அந்தப் பதிலில் இவர் இல்லை. சூழல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி உறைந்துபோன பிறருடைய தீர்மானம்தான்.

3

இந்தத் தடைகளை நீக்கும் முயற்சியையும் நாம் பெரும்பாலும் தவறாகவே அளக்கிறோம். இத்தனை நிலையங்களில் லிஃப்ட், இத்தனை சாய்தளங்கள், இத்தனை சதவீதம் முடிந்தது என்று கணக்குச் சொல்லப்படுகிறது. கணக்குப் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அது இங்கே பொருந்தாத கணக்கு என்பதுதான் குறை. பயணம் ஒரு சங்கிலி. பத்துக் கண்ணிகளில் ஒன்பது உறுதியாக இருந்து ஒன்று அறுந்திருந்தால் அது தொண்ணூறு சதவீதச் சங்கிலி ஆகாது. ஒன்பது லிஃப்டுகளை ஒரு சாண் ரத்து செய்துவிடுகிறது. லண்டன் பாதாள ரயில் படத்தில் இரண்டு நிறக் குறிகள் போட்டிருக்கிறார்கள்: ஒன்று தெருவிலிருந்து ப்ளாட்ஃபாரம் வரை படியில்லாத நிலையங்களுக்கு, மற்றது தெருவிலிருந்து பெட்டிக்குள் வரை படியில்லாத நிலையங்களுக்கு. 1863ல் தொடங்கிய அந்த ரயிலில் படியில்லாமல் போகமுடியாத நிலையங்களே இன்றும் அதிகம். ஆனால் ப்ளாட்ஃபாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள அந்தக் கடைசிச் சாண் ஒரு தனி உண்மை என்று அந்தப் படம் ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு.

உரிமை என்பதும் இப்படித்தான். அதைப் பின்னங்களாகக் கொடுக்கமுடியாது. பாதி வழிவரை போகும் உரிமை என்று ஒன்று இல்லை.

4

இங்கே ஒரு குரல் எழும். அந்த ஒரு சாணைத் தாண்ட மனிதர்கள் இல்லையா? மீஞ்சூர் ப்ளாட்ஃபாரத்தில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி ஏற்றிவிடமாட்டார்களா? ஏற்றிவிடுவார்கள். நம் ஜனங்களிடம் இந்த ஈரம் இருக்கிறது என்பதைக் கேலி செய்கிறவன் இந்த ரயிலில் போயிருக்கமாட்டான்.

ஆனாலும் உதவியில் இரண்டு வகை உண்டு. தூக்கிவிடுகிற நாலு பேரும் ஏறிக்கொள்வது எதன் மேலிருந்து? ப்ளாட்ஃபாரத்தின் மேலிருந்து. அது இல்லாவிட்டால் அவர்களும் ஜல்லியில் நின்று கைப்பிடியைப் பற்றித் தொங்கித்தான் ஏறவேண்டும். ப்ளாட்ஃபாரம் என்பது இரண்டு கால் உள்ளவர்களுக்காகப் போட்டுவைத்த சாய்தளம். பாலத்தின் படிக்கட்டும் அதுவே. இருபது அடி உயரத்துக்கு எவனும் எம்பிக் குதித்துவிடுவதில்லை. நடக்கிறவர்கள் தங்களைச் சுதந்திரர்கள் என்றும், நாற்காலியில் இருப்பவரைப் பிறரைச் சார்ந்தவர் என்றும் நினைக்கிறார்கள். இருவரும் சார்ந்தவர்கள்தான். நடக்கிறவருக்கான உதவி அவர் வருவதற்கு முன்பே வந்து கான்கிரீட்டாகக் காத்திருக்கிறது; யார் ஏறுகிறார் என்று பார்ப்பதில்லை; நன்றி எதிர்பார்ப்பதில்லை. நாற்காலியில் இருப்பவருக்கான உதவி அவர் வந்தபின், அவர் முகத்தைப் பார்த்தபின், அவர் கேட்டபின் வருகிறது. தினமும் புதிதாக வருகிறது. எனவே தினமும் புதிதாக நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. டிக்கெட்டோடு கூட அவர் ஒரு புன்னகையும் கொடுத்தாக வேண்டும். அந்தப் புன்னகையை மறுக்கிற, எரிந்துவிழுகிற, அல்லது சும்மா மௌனமாக இருக்கிற உரிமை அவருக்கு இல்லை.

முகம் பார்த்துச் செய்வது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டில்லி வந்தபோது செங்கோட்டையிலும் குதுப்மினாரிலும் மரத்தால் தற்காலிகச் சாய்தளங்கள் போடப்பட்டன. நூற்றாண்டுகளாக முடியாதது ஒரு முகத்துக்காகச் சில நாளில் முடிந்தது. முடியாது என்று இருந்தது முடியாமை அல்ல, முகமின்மை.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றது. கதையின் முதல் பாதி நம் மனசில் ஆழப் பதிந்திருக்கிறது: ஊனம் என்பது தவற்றுக்குக் கிடைத்த தண்டனை. வினைப்பயன் என்ற பார்வையில் பாதிக்கப்பட்டவருக்குச் செய்வது எதுவும் கடமை ஆகாது, அருள் ஆகும், செய்கிறவர் கணக்கில் புண்ணியம் ஆகும். கதையின் பின்பாதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு சுந்தரர் நன்றியோடு அடங்கிவிடவில்லை. கோலோடு நின்றுவிட்ட தெய்வத்தைக் கடிந்துகொள்கிறார்; ஊர் ஊராகப் போய்த் தனக்கு வரவேண்டியதைக் கேட்கிறார். தம்பிரான் தோழர் என்ற பெயர் அவருக்கு உண்டு. தோழமையில் கேட்பதற்கும் இரப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்தி இலக்கியம் அறிந்திருந்தது. நம் ரயில் நிலையங்கள் அறியவில்லை.

5

சட்டத்தின் பாஷை இந்த வித்தியாசத்தை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம், போக்குவரத்து நிறுவனங்கள் தங்கள் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு ரயில் பெட்டிகளை மாற்றியமைக்கவேண்டும் என்றது. ‘சக்திக்கு உட்பட்டு’ என்பது தானத்தின் இலக்கணம். 2016ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. ஆனாலும் பழைய வண்டிகளை மாற்றுவதைப்பற்றிப் பேசும்போது, பொருளாதாரரீதியில் இயலுமானால் என்ற நிபந்தனையை அதுவும் விடவில்லை. 2024 நவம்பர் 8ஆம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில், உச்ச நீதிமன்றம் விதிகளில் ஒன்றைச் செல்லாது என்றது. அணுகும் வசதி பற்றிய தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை என்பது காரணம். இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது: ஒரு தனிமனிதர் வந்து கேட்டபின் அவருக்காகச் செய்துதரும் ஏற்பாடு வேறு, யாரும் வருவதற்கு முன்பே எல்லோருக்காகவும் இருந்தாகவேண்டிய அணுகும் வசதி வேறு. முகம் பார்த்த உதவி, முகம் பாராத உதவி என்று நான் சொல்வதும் இதைத்தான்.

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லவேண்டும். லிஃப்ட் வந்துவிட்டால் மனிதன் மனிதனுக்குத் தோள்கொடுப்பது போய்விடும், இயந்திரம் மிஞ்சும் என்பது முதலாவது. தோள்கொடுக்கிறவரும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டவர். அவருடைய இரக்கம் ஒரு ஸ்தாபனம் செய்யத் தவறியதை மூடிமறைக்கச் செலவாகிறது. அவர் தயவில் காலம் தள்ளுவது நாற்காலியில் இருப்பவர் மட்டும் இல்லை, ரயில்வேயும்தான். நட்பு என்பது தேவையில்லாதபோதும் பக்கத்தில் வந்து உட்காருவது. நாற்காலியைத் தூக்கவேண்டிய அவசியம் போனபின்தான் இருவரும் பேசிக்கொண்டு போகமுடியும்.

இரண்டாவது, இது ஏழைகளின் பகுதி என்பது. அனல் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்யும் இருக்கிற இடத்தில், ஒரு சிலருக்காக லிஃப்ட் கேட்பது ஆடம்பரம் இல்லையா? கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் 2015ல் வந்த மெட்ரோ விம்கோ நகருக்கு வர ஆறு வருஷம் ஆயிற்று. வடசென்னைக்கு எப்போதும் சொல்லப்படுவது, உங்கள் முறை வரும் என்பது. அதே வாக்கியத்தை வடசென்னை தனக்குள் இருக்கும் இன்னும் பலவீனமானவரைப் பார்த்துச் சொல்வதுதான் இந்த ஆட்சேபம். மேலும் ‘ஒரு சிலர்’ என்பதே சரியில்லை. மீன்கூடை சுமப்பவள், நிறைமாத கர்ப்பிணி, முழங்கால் தேய்ந்த தாத்தா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூட்டையும் பிடித்திருப்பவள் எல்லோரும் அந்தப் படியின்முன் ஒரு கணம் நிற்கிறார்கள். அவர்களால் ஏறிவிடமுடிகிறது என்பதால் அவர்கள் நின்றது கணக்கில் வருவதில்லை.

1977ல் ஜப்பானின் கவாசாகி நகரத்தில், துணையாள் இல்லாமல் சக்கர நாற்காலி பஸ்ஸில் ஏறக்கூடாது என்று தடுத்தபோது, நாற்காலிக்காரர்கள் கூட்டமாக வந்து பஸ்களில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவின் டென்வரில் பத்தொன்பது பேர் பஸ்களின் முன்னும் பின்னும் நாற்காலிகளை நிறுத்தி ராத்திரி முழுக்க நகரவிடாமல் செய்தார்கள். அவர்களைத் தூக்கிவிட அங்கேயும் நல்லவர்கள் இருந்திருப்பார்கள். நல்லவர்களை நம்பிப் பயணம் செய்ய மறுத்ததுதான் அவர்கள் செய்தது.

நம்மிடையே ஊனமுற்றவர் என்ற சொல் போய் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்திருக்கிறது. மரியாதையான சொல். ஆனால் சொல்லை மாற்றுவது முகத்தைப் பார்த்துப் பேசும் மரியாதை. மீஞ்சூர் ப்ளாட்ஃபாரத்தில் வேண்டியிருப்பது, யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமலே ஒருவர் வண்டிக்குள் போய், ஜன்னலோரமாக இருந்துகொண்டு, வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்க முடிவது.