விசிட்டிங் கார்டும் எழுத்தின் நேர்மையும்

விசிட்டிங் கார்டுக்கு எழுத்துரு தேர்வது அழகு சம்பந்தப்பட்ட வேலையாகத் தோன்றினாலும், அதன் அடியில் ஓர் அறவியல் கேள்வி கிடக்கிறது. எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளலாமா, பொருளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா?

ஒதுங்க வேண்டும் என்ற கட்சிக்காக வலுவாக வாதாடியவர் அச்சுக்கலை எழுத்தாளர் பீட்ரிஸ் வார்டு. 1930இல் லண்டனில் ஆற்றிய உரையில், வேலைப்பாடு மிகுந்த பொற்கிண்ணத்தையும் படிகக் கண்ணாடிக் கோப்பையையும் அவர் அருகருகே வைத்தார். மதுவின் அருமை தெரிந்தவர் கண்ணாடியையே எடுப்பார், அது உள்ளிருப்பதை மறைக்காது. அச்சும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தங்க நிற ஃபாயில் பதித்த கார்டு இந்த அளவுகோலில் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும்.

ஆனால் வார்டின் கண் முன் இருந்தது புத்தகப் பக்கம். அது மணிக்கணக்கில் வாசிக்கப்படுவது. கார்டோ சில நொடி பார்க்கப்பட்டு, விரலால் தடவப்பட்டு, சட்டைப்பைக்குள் போவது. கொடுத்தவர் போன பிறகு அவருக்குப் பதிலாக மேசைமேல் கிடப்பதும் அதுதான். அங்கே எழுத்தின் தோற்றமும் செய்தியில் அடக்கம். ஆகவே கண்ணில் படாமல் இருப்பதைவிடப் பொய் சொல்லாமல் இருப்பதே கார்டுக்குப் பொருந்தும் நெறி.

பொய் சொல்லாத எழுத்து எது? முனைக்கோடுகள் அற்ற சான்ஸ் செரிஃப்தான் இந்த யுகத்தின் எழுத்து என்று 1928இல் புதிய அச்சுக்கலை பற்றிய தன் நூலில் அடித்துச் சொன்னார் ஜெர்மன் அச்சுக்கலைஞர் யான் சிஹோல்ட். 1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். விடுதலையானதும் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பிற்காலத்தில் தன் பழைய பிடிவாதத்திலேயே சர்வாதிகாரத்தின் சாயலைக் கண்டு, செரிஃப் எழுத்துகளுக்குத் திரும்பினார். 1967இல் வெளிவந்த அவருடைய சபோன் எழுத்துரு, காரமோன் என்ற பழைய செரிஃப் எழுத்தின் மரபைச் சேர்ந்தது. எந்த எழுத்து வகைக்கும் நேர்மையைப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது என்பதற்கு இந்த மனமாற்றமே போதும்.

தனி எழுத்தில் இல்லாததை எழுத்துகளின் உறவில் தேட வேண்டியிருக்கிறது. கார்டில் பெரும்பாலும் பெயருக்கு ஓர் எழுத்துரு, விவரங்களுக்கு இன்னொன்று. ஒன்றுபோல் தோன்றும் செரிஃப்களான காரமோனையும் காஸ்லனையும் சேர்த்தால் ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும், ஏன் என்று தெரியாது. தவறுதலாக மாறிப்போனது போலிருக்கும். காரமோனுடன் கில் சான்ஸ் என்ற சான்ஸ் செரிஃப் அப்படியல்ல. வேறுபாடு வெளிப்படையானது, ஆனால் இரண்டின் பேரெழுத்துகளும் ரோமானியக் கல்வெட்டு மரபில் வந்தவை. எழுத்துரு வடிவமைப்பாளர் மார்ட்டின் மயோர் தன் ஸ்கலா என்ற செரிஃப் எழுத்துருவின் முனைக்கோடுகளை நீக்கி, தடிப்பு வேறுபாட்டைக் குறைத்தே ஸ்கலா சான்ஸை உருவாக்கினார். இறைக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சைவ சித்தாந்தம் ஒன்றாய், வேறாய், உடனாய் என்று சொல்லும். அச்செழுத்துக்கு அத்தனை கனம் வேண்டாம்தான். என்றாலும் நல்ல ஜோடிக்கு அந்த மூன்றும் வேண்டியிருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த கார்டில் இது இன்னும் கடினம். தமிழில் பேரெழுத்து கிடையாது. ஒரே புள்ளி அளவு கொடுத்தால் இரண்டும் சமமாகத் தெரியாது. கண்ணால் ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

பளபளப்பு வேலைகளில் நேர்மை பற்றிய கேள்வி கூர்மையாகிறது. தங்க நிற ஃபாயிலில் மின்னுவது அலுமினியப் படலமும் நிறப்பூச்சும். அது தங்கமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், எனவே யாரும் ஏமாறுவதில்லை. அதில் சிக்கல் வேறு: சூடான அச்சுத்தகடு அழுத்தும்போது மெல்லிய கோடுகள் அறுபடும், ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடும். பெயருக்கோ சின்னத்துக்கோ அது போதும். தொலைபேசி எண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

தெர்மோகிராஃபி வேறு ரகம். ஈர மையின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது போன்ற புடைப்பை மலிவாக வரவழைக்கும் முறை இது. பிரெடெரிக் கவுடி 1901இல் வரைந்த காப்பர்பிளேட் காதிக்கும் செதுக்குவோரின் எழுத்தைப் பின்பற்றியதே. வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் விரும்பிய கார்டு எழுத்து அது. அதைச் சிறிய அளவில் தெர்மோகிராஃபியில் அச்சிட்டால் உருகிப் பரவும் பிசின், அதன் நுண்ணிய முனைக்கோடுகளை மூடிவிடுகிறது. செதுக்குவேலையின் அடையாளமாகக் கவுடி வைத்தவை அந்தக் கோடுகள்தான்.