பொறுத்தலும் பொறுக்கச் சொல்லுதலும்

நோவைப் பொறுத்தல் அறமா? ஆம் என்றே நம் முன்னோர் கூறினர். பசி, வேட்கை, குளிர், வெப்பம் முதலாக இருபத்திரண்டு துன்பங்களைக் கலங்காது ஏற்றல் துறவியர்க்கு உரியது என வகுத்தனர். நோயும் அவற்றுள் ஒன்று. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குறண்டியில் ஆயிரம் ஆண்டுகட்கு முன் விளங்கிய திருக்காட்டாம்பள்ளியின் துறவியரை மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவர்களும் இந்நோன்பையே பயின்றிருப்பர். எனின், பிறர் ஒருவரின் நோவைக் கண்டு, "பொறுத்துக்கொள்" என்று கூறுதலும் அறமாகுமா? இவ்வினாவை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த பகுதி வானம் பார்த்த பூமி. குழித்தறியில் நாள் முழுதும் கால் மிதிப்போரும், சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்போரும், குனிந்த முதுகு நிமிராது மிளகாய் பறிப்போரும் வாழும் ஊர்கள். நோவைக் கூற அவர்களிடம் எத்தனை சொற்கள்! குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், இழுப்பு, மதமதப்பு என ஒவ்வொன்றும் வேறு. ஆசிரியப் பணியாற்றிய ஆண்டுகளில் பிள்ளைகளின் தாய்மாரிடம் இச்சொற்களை நாள்தோறும் கேட்டேன். அவற்றிற்குக் கிடைத்த மறுமொழியையும் கேட்டேன்: "எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லையாம், வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள்." படத்தில் காணாத நோவு பொய்யா?

பொய்யன்று என்பதை நரம்பு ஆராய்ச்சி காட்டியுள்ளது. நம் தமிழகத்தோடு தொடர்புடைய இரு சான்றுகளைக் கூறுவேன். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. நரம்பு கெட்டு உணர்வு மறைந்தமையால், சுடுபாத்திரமும் முள்ளும் செய்த காயத்தை அவர்கள் அறியாது போவதே அழிவிற்குப் பெருங்காரணம் என அவர் கண்டார். அறுவைக்குப் பின் அக்கைகளைப் பற்றி, நீவி, விரல்கள் மீண்டும் இயங்கப் பழக்கும் பொறுப்பு பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தாருடையது. ஊரார் தொட அஞ்சிய கைகள் அவை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், அமெரிக்காவில், கை இழந்தோர்க்கு இல்லாத கையில் தோன்றும் நோவை ஆராய்ந்தார். 1990களில், இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் கண்ணாடியால் காணச் செய்தார். சிலர்க்கு நோவு தணிந்தது.

வேலூரில் காயம் உண்டு, நோவில்லை. இங்கோ நோவு உண்டு, உறுப்பே இல்லை. ஆதலின் காயமும் நோவும் ஒன்றல்ல. உடலைக் காக்கும் பொருட்டு நரம்பு மண்டலமும் மூளையும் எழுப்பும் எச்சரிக்கையே நோவு. காயம் ஆறிய பின்னும் அவ்வெச்சரிக்கை ஓயாதிருத்தல் உண்டு.

இவ்வுண்மை இயன்முறை மருத்துவர்தம் தொழிலையும் மாற்றியது. ஆஸ்திரேலிய நாட்டு டேவிட் பட்லர், கைகளால் மூட்டுகளை அசைத்துக் குணப்படுத்தும் மரபில் வந்தவர். 1991இல் அவர் வெளியிட்ட நூல், நரம்புகளையே மெல்ல அசைத்து இயக்கும் முறையைக் கூறிற்று. 2003இல் லோரிமர் மோஸ்லி என்னும் மற்றோர் இயன்முறை மருத்துவருடன் எழுதிய நூலோ, நோவு எவ்வாறு தோன்றுகிறது என்பதை நோயாளிக்கே விளக்குவது. அச்சம் மிகின் நோவும் மிகும். விளங்கிக்கொண்டால் அச்சம் குறையும் என்பது அதன் கருத்து. சொல் மட்டும் போதாது. சிறுகச் சிறுக அசைவும் பயிற்சியும் உடன் வேண்டும்.

பன்னாட்டு நோவு ஆய்வுக் கழகம் 2020இல் திருத்திய தன் விளக்கத்தில், ஒருவர் தமக்கு நோவு உண்டு எனக் கூறின் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என்று எழுதி வைத்தது. நம்மவர் இதனை அறவுரையாகவே கொள்ளலாம்.

"எல்லார் சொல்லையும் நம்பினால் ஏமாற்றுவோர் பெருகாரோ?" எனச் சிலர் வினவுவர். ஏமாற்றுவோர் ஒருவரை நம்பினால் நமக்கு ஒரு நாள் வேலை கெடும். உண்மை கூறுவோரை நம்பாவிடின், நொந்த உயிரை மீண்டும் நோகச் செய்தோமாவோம். இவ்விரு பிழைகளுள் எது பெரிது? மனம், மொழி, மெய் மூன்றாலும் தீங்கு செய்யாமையே கொல்லாநெறி என்று கற்ற நமக்கு விடை அரிதன்று. "நடிக்கிறாள்" என்பது மொழியால் செய்யும் தீங்கு.

திருக்குறள் தவத்தின் வடிவைக் கூறுமிடத்துத் தன் நோவைப் பொறுத்தலையும் பிறவுயிர்க்கு நோவு செய்யாமையையும் ஒருங்கே வைத்துள்ளது. பொறுத்தல் தானே விரும்பி ஏற்கும் நோன்பு. அதனைக் கூலிக்கு உழைக்கும் பெண்ணின் மீது நாம் சுமத்துதல் நோன்பாகாது. தொட்டறியும் உணர்வு மட்டுமே உடைய புல்லுக்கும் நோவு உண்டென்று இரங்குபவர் நாம். வாய்திறந்து சொல்லாத புல்லை நம்புகின்ற நாம், சொல்லுகின்ற மனிதரை நம்பாதிருத்தல் தகுமோ?

நம் இல்லத்திலும் தறியிலும் வயலிலும் உழைப்பவர் "இடுப்பு கடுக்கிறது" என்று கூறுங்கால், "எங்கே, எப்போதிலிருந்து?" என்று அமர்ந்து கேட்போம், மருத்துவரிடம் சென்றுவர ஒரு பொழுது விடுவோம். இதனை நம் பிள்ளைகட்கும் பழக்குவோமாக.