பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமா?

கல்வி தேடுவது கடமை என்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. ஜும்ஆ பயான்களில் கேட்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்கிறோம். ஆனால், தேடிச் செல்லப் பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் பிறந்துவிட்ட குழந்தைக்காக மற்றவர்கள் மீதுள்ள கடமை என்ன? இதனை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நமக்குத் தென்மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். 1153-ல் இஸ்லாத்தைத் தழுவிய நாடு அது. ஏறத்தாழ 1,190 தீவுகள் வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பதோ 200-க்கும் குறைவான தீவுகளில்தான். அவற்றுள்ளும் பல, 500 பேர்கூட இல்லாத சிற்றூர்கள்.

அச்சிற்றூர்களிலும் ஓதல் நின்றதில்லை. உஸ்தாதின் வீடே அந்நாளில் மதரஸா. பலகையில் வெண்மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகினார்கள் பிள்ளைகள். எழுத்தறிவில் அந்நாடு இன்று தலைநிமிர்ந்து நிற்பதற்கு அந்த மணற்பலகையும் ஒரு காரணம். ஆனால் அதற்கு மேற்பட்ட படிப்பு நெடுங்காலம் தலைநகர் மாலேயில் மட்டுமே இருந்தது. அங்கே 1927-ல் மஜீதிய்யா பள்ளியும், 1944-ல் பெண்களுக்கென அமீனிய்யா பள்ளியும் தோன்றின. 1970-களின் இறுதியில்தான் வெளித்தீவுகளுக்கு அரசுக் கல்விக்கூடங்கள் செல்லத் தொடங்கின. இன்று பத்தாம் வகுப்புவரை பெரும்பாலான தீவுகளில் உண்டு; அதற்கு மேற்பட்ட வகுப்புகள் எல்லாத் தீவிலும் இல்லை.

ஆகவே பிள்ளைகள் படகேறினார்கள். உறவினர் வீட்டிலோ, அறிமுகமானவர் வீட்டிலோ தங்கினார்கள். பல வீடுகளில் தங்குமிடத்துக்கும் சோற்றுக்கும் ஈடாக வீட்டு வேலை அவர்கள் தலையில் விழுந்தது. விடியற்காலையில் கூட்டிப் பெருக்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பாடம் படித்தவர்கள் எத்தனையோ பேர். படிக்க அனுப்பிய பிள்ளை வேலையாளாக நின்றால், அது கல்வியா, கூலியா?

“இல்முக்காகக் கடல் கடப்பது சிறப்பல்லவா? நம் இமாம்கள் பயணம் செய்யவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். செய்தார்கள். ஆனால் எப்படி? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைச் சிறு வயதில் காஸாவிலிருந்து மக்காவுக்கு அழைத்துச் சென்றவர் அவர்களுடைய தாயார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் பதினாறாம் வயதில் புறப்பட்டபோது, தாயாரும் தமையனாரும் உடன் சென்றார்கள். கல்விக்குப் பயணம் வேண்டும். அதற்காகக் குழந்தை தாயின் நிழலை இழக்க வேண்டும் என்பதில்லை. இன்று மாலத்தீவின் தாய்மார் பலர் பிள்ளைகளுடன் மாலேக்கே குடிவந்து, உயர்ந்த வாடகைக்குச் சிற்றறைகளில் வாழ்கிறார்கள். தந்தை வேறெங்கோ உழைக்கிறார். குழந்தைக்கு நிழல் கிடைக்கிறது, குடும்பம் இரண்டாகிறது.

மற்றொரு வாதமும் உண்டு. “பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கட்டுப்படியாகுமா? சிறு தீவுகளைக் காலி செய்து பெரிய தீவில் சேர்த்துவிடலாமே” என்பர். கணக்குப் பொய்யல்ல, செலவு உண்மையிலேயே மிகுதி. மக்களே விரும்பிச் சேர்ந்தால் தடையுமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மறுத்து ஊரைக் கிளப்புவது நீதியன்று.

பர்ளு கிபாயா என்றால் என்ன? ஒரு சிறு தீவில் ஒருவர் மவுத்தானால், “ஒரே ஒரு ஜனாஸாதானே” என்று யாரும் விட்டுவிடுவதில்லை. எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. இறந்தவர் ஒருவருக்கே இத்தனை உரிமை என்றால், உயிரோடிருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு இல்லையா? கி.பி. 624-ல் நடந்த பத்ருப் போருக்குப் பின், பிணைப்பணம் கொடுக்க வழியற்ற, எழுதத் தெரிந்த கைதிகளை, மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுவிப்பதென நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். பத்துப் பிள்ளைகளின் எழுத்து ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாயிற்று!

ஆய்வுக்கூடமும் மேல்வகுப்பும் எல்லாத் தீவிலும் அமைப்பது இயலாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். இயலாத இடத்தில் கடமை நீங்கிவிடாது, வடிவம் மாறும். பள்ளிக்கூடம் பிள்ளையிடம் போக முடியாவிட்டால், வரும் பிள்ளைக்குக் கண்ணியமான விடுதி வேண்டும். ஏற்கும் வீடு நல்ல வீடாக வேண்டும்.

இது கடலுக்கு அப்பாலுள்ள செய்தி மட்டுமன்று. படிப்புக்கென உறவுக்காரப் பிள்ளையைத் தங்க வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. அந்தப் பிள்ளை அமானத்து. நம் மக்கள் படிக்கும் நேரத்தில் அதுவும் படிக்கிறதா? அவர்கள் உண்ணும் தட்டிலிருப்பதே அதன் தட்டிலும் இருக்கிறதா? இன்றிரவே நம் வீட்டில் பார்த்துக்கொள்வோம்.

அமானத்தைப் பேணும் நல்ல உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.