இன்னொரு தடவை நடந்து வாங்க

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு வாழைத் தோட்டம். முந்தின ராத்திரி யானை வந்துபோயிருந்தது. அறுப்புக்கு இரண்டு வாரமே பாக்கியிருந்த நேந்திரன், பாதித் தோட்டம் தரையில் கிடந்தது. நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். யானை வழித்தடங்கள் பற்றி ஒரு குறும்படம். எனக்கு ட்ரைபாட் தூக்குகிற வேலை, அப்புறம் மைக் பிடிக்கிற வேலை, அப்புறம் தமிழ் தெரிந்தவன் என்பதால் ஊர்க்காரர்களிடம் பேசுகிற வேலை.

தோட்டக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாய்ந்த வாழைகளுக்கு நடுவே அவர் நடந்து வருவதை எடுத்தோம். வெளிச்சம் சரியில்லை. "அண்ணே, இன்னொரு தடவை நடந்து வர்றீங்களா?" நடந்து வந்தார். இந்தத் தடவை கேமராவைப் பார்த்துவிட்டார். மறுபடியும் கேட்டேன். மூணாவது தடவை கிளம்புவதற்கு முன்னால் நின்று, கிண்டலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் தோரணையில் கேட்டார்: "ஏனுங் தம்பி, இப்ப அழுவோணுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. "இல்லண்ணே, சும்மா நடந்தா போதும்" என்றேன். நடந்தார். ஷாட் அருமையாக வந்தது. ஆறு வருஷமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. நடப்பதைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னால், துக்கத்தையும் திரும்பச் செய்து காட்டச் சொல்வார்கள் என்று நினைப்பது நியாயம்தானே. நாங்கள் எடுத்தது பொய்யா? வாழை விழுந்தது நிஜம். அவர் நஷ்டம் நிஜம். நடந்தது மட்டும் மூணு தடவை.

காட்டுயிர்ப் படங்களின் பொய்கள் என்றதும் எல்லோரும் எடுத்துப்போடுவது லெம்மிங் கதையைத்தான். 1958இல் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வில்டர்னஸ்' என்று ஒரு படம் எடுத்தது. அதில் லெம்மிங் என்கிற சின்ன எலி மாதிரியான பிராணிகள் கூட்டம் கூட்டமாக மேட்டிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும். உண்மையில் அவை அப்படிச் செய்வதில்லை. படம் எடுத்த ஆல்பர்ட்டாவின் அந்தப் பகுதி அவற்றின் வாழிடமே இல்லை. வேறு இடத்தில் காசு கொடுத்து வாங்கிவந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டு, பிறகு ஆற்றுக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கனடாவின் சிபிசி தொலைக்காட்சி 1982இல் இதை வெளிக்கொண்டுவந்தது. படத்துக்கு ஆஸ்கர் ஏற்கனவே கிடைத்திருந்தது. இன்றைக்கும் 'லெம்மிங் மாதிரி' என்று உலகம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

இது எளிதான வழக்கு, தீர்ப்பு சொல்ல ஒரு நிமிடம் போதும். 2011இல் பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் வந்த பனிக்கரடிக் குட்டிகளின் பிறப்புக் காட்சி ஐரோப்பிய விலங்குக்காட்சிசாலை ஒன்றில் எடுக்கப்பட்டது என்று பெரிய சண்டை நடந்தது. எனக்கு அதில் பெரிய கோபம் வரவில்லை. குகைக்குள் கேமராவோடு நுழைந்தால் தாய்க்கரடியும் சாகலாம், கேமராமேனும் சாகலாம். இதுவும் கிட்டத்தட்ட எளிதான வழக்குதான். 2018இல் 'டைனஸ்டீஸ்' தொடருக்காக அண்டார்டிகா போன குழு, பனிப்பள்ளத்தில் குஞ்சுகளோடு மாட்டிக்கொண்ட பென்குயின்கள் ஏறிவர ஒரு சரிவு வெட்டிக்கொடுத்தது. 'இயற்கையில் தலையிடக் கூடாது' என்ற பழைய விதியை மீறிவிட்டார்களா என்று கொஞ்ச நாள் பேசினார்கள். சரிவு வெட்டியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

இந்த விவாதங்கள் எல்லாமே விலங்குக்கும் கேமராவுக்கும் நடுவில் நடக்கிறவை. விலங்கைத் துன்புறுத்தினாயா, அதைப் பற்றிப் பொய் சொன்னாயா, அதற்கு உதவலாமா. நம்ம ஊர் காடுகளில் ஃபிரேமுக்குள் எப்போதும் ஒரு மனிதரும் நிற்கிறார். அவரைப் பற்றிக் கேள்விகள் வருவதில்லை. அவர் ஒன்று காவலர், இல்லாவிட்டால் வில்லன், அதுவும் இல்லாவிட்டால் பின்னணி.

மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' படம் 2000இல் வந்தது. குஜராத் கடற்கரையில் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்படுவதைப் பற்றியது. உலகத்திலேயே பெரிய மீன் அது. ஒரு பேருந்து நீளம் வளரும், யாரையும் கடிக்காது, வாயைத் திறந்துகொண்டு மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். முதலில் அதன் ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடினார்கள். மரப் படகுகளுக்குள் தண்ணீர் புகாமலிருக்க அதைப் பூசுவது வழக்கம். பிறகு இறைச்சிக்கு வெளிநாட்டில் சந்தை வந்ததும் வேட்டை பெருகியது. பெரிய கொக்கியை உடம்பில் பாய்ச்சி, கயிற்றின் மறுமுனையில் காலி பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். பீப்பாய்கள் மீனை ஆழத்துக்குப் போகவிடாது. இழுத்து இழுத்துக் களைத்ததும் கரைக்குக் கொண்டுவந்து அறுப்பார்கள். அதனால் அந்த மீனுக்கே அங்கே 'பேரல்' என்று பெயர். கொல்லும் கருவியின் பெயரே கொல்லப்படும் உயிரின் பெயராகிவிட்டது. இதை யோசித்தால் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

பாண்டே அதை அப்படியே காட்டினார். ஜோடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. 2001 மே மாதம் திமிங்கிலச் சுறா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் மீன் அதுதான். அடுத்த வருஷம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் ஏறியது. ஒரு படம் ஒரு உயிரினத்தின் தலையெழுத்தை மாற்றியது என்று துணிந்து சொல்லக்கூடிய சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

ஆனால் என் கண் அந்தக் கரையில் நிற்கிற ஆட்கள் மேல்தான் போகிறது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை, அப்போது சட்டமே இல்லை. அடுத்த வருஷம் அதே தொழில் சிறைக்குரிய குற்றம். கேமராவுக்கு முன்னால் தயக்கமில்லாமல் நின்றவர்கள், தாங்கள் எதற்குச் சாட்சியாகிறோம் என்று தெரிந்து நின்றார்களா? தெரிந்திருந்தால் நின்றிருப்பார்களா?

இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். எடிட்டர், காட்டுயிர்ப் படங்களில் வேலை செய்கிறவன். கடுப்பாகிவிட்டான். "எல்லார் பக்கமும் சொல்லிட்டிருந்தா யாருக்கும் கோபம் வராதுடா. கோபம் வராட்டி சட்டம் வராது. மீனுக்கு பேட்டி குடுக்கத் தெரியாது, மனுஷனுக்குத் தெரியும். அவன் பக்கத்த சொல்ல யூனியன் இருக்கு, எம்.எல்.ஏ. இருக்கான். மீனுக்கு இந்த இருபது நிமிஷம்தான் இருக்கு."

இது லேசான வாதமில்லை. குதிரேமுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரரான சேகர் தத்தாத்ரி, சர்வதேசச் சேனல்களுக்குப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவர், அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாதுகாப்புக்காகவே படம் எடுக்கத் தொடங்கினார். அதில் ஒன்று 2001இல் எடுத்த குதிரேமுக் சுரங்கம் பற்றிய சின்னப் படம். துங்காவும் பத்ராவும் பிறக்கிற மழைக்காட்டு மலையை இரும்புத்தாதுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டும் என்பதுதான் அந்தப் படத்தின் நோக்கம். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 இறுதியோடு சுரங்கத்தை நிறுத்தச் சொன்னது. படம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், காட்டுயிர் ஆர்வலர்களின் நெடிய போராட்டம் அது. ஆனால் அது 'ஒருபக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி' என்று இழுக்கிற படமாக இருந்திருந்தால் என்ன பயன்? மலை காத்திருக்காது.

ஆக, ஒருபக்கமாகப் பேசுவதே தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கே இடறுகிறது என்றால், நண்பனின் அந்த 'யூனியன் இருக்கு, எம்.எல்.ஏ. இருக்கான்' என்ற இடத்தில். இருக்கிறவர்களுக்கு இருக்கிறது. சுரங்க நிறுவனத்துக்கு வக்கீல்கள் இருந்தார்கள். வாழைத் தோட்டக்காரருக்கு நான்தான் இருந்தேன், அதுவும் மைக்கோடு. படம் யாரை எதிர்த்துப் பேசுகிறது என்பதைப் பொறுத்து அதன் ஒருபக்கச் சார்பின் நிறமே மாறுகிறது. சக்தி உள்ளவனுக்கு எதிராக என்றால் அதைத் துணிச்சல் எனலாம். பதில் சொல்ல வழியில்லாதவன் மேல் என்றால் அது வேறு எதுவோ.

குஜராத் கதைக்கு இன்னொரு பாகம் உண்டு, அதைச் சொல்கிறவர்கள் குறைவு. சட்டம் வந்த பிறகும் கரையில் பலருக்கு விஷயமே தெரியவில்லை. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு பிரசாரம் ஆரம்பித்தார்கள். ராமகதை சொல்லும் மொராரி பாபு அதன் முகம். பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் இந்த மீன், மகளை வெட்டுவாயா என்று கேட்டார். 'பேரல்' போய் 'வ்ஹாலி', அதாவது பிரியமானவள், என்ற பெயர் வந்தது. வலையில் சிக்கினால் மீனவர்களே வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுபட்ட வலைக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை மீன் உயிரோடு இருக்காது என்பதால், மீனவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். வலையை அறுப்பதை நீயே படம் எடு, அதுவே அத்தாட்சி. நூற்றுக்கணக்கான மீன்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பின.

ஆடுகிற படகிலிருந்து எடுத்த படங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. எந்தத் திரைப்பட விழாவும் சீந்தாது. ஒரு வகையில் அவை வெறும் ரசீது. அதே கடல், அதே மீன், ஏறக்குறைய அதே ஆட்கள். கேமரா கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இங்கேயும் நான் உணர்ச்சிவசப்படக் கூடாது. முதல் படம் வராமல் சட்டம் வந்திருக்காது, சட்டம் வராமல் இந்த ரசீதும் இல்லை. முதல் படத்தின் கடனைத்தான் இரண்டாவது கேமரா அடைத்தது. படம் எடுத்தவரே அடைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. யாராவது அடைக்கவேண்டும்.

வில்லனே இல்லாத படங்களுக்கும் கடன் உண்டு. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' தெரியாதவர்கள் இருக்க முடியாது. கார்த்திகி கோன்சால்வஸ் இயக்கியது, முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. அன்பைத் தவிர வேறொன்றும் இல்லாத படம். 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. முகாமில் கூட்டம் குவிந்தது. முதல்வர் அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டினார், யானைப் பராமரிப்பாளர்கள் அனைவருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அறிவித்தார், பெள்ளிக்கு அரசு வேலை கிடைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில், தங்களுக்குச் சொன்னது கிடைக்கவில்லை என்று அந்தத் தம்பதி பேசியது செய்தியானது. படத்தரப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. அந்த வாரம் இணையத்தில் ஆளாளுக்கு நீதிபதியானதைப் பார்த்தேன், போதும்.

எனக்குப் பட்டது வேறு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 'உங்கள் முகம் இனி உங்களுடையது மட்டும் இல்லை' என்பதை எந்த ஒப்பந்தமும் ஒரு மனிதருக்குப் புரியவைக்க முடியாது. உலகம் முழுக்க அறிந்த முகத்தோடு மறுநாள் காலையில் அதே காட்டில் அதே வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? சம்மதம் என்பது தெரிந்த விஷயத்துக்குத்தான் கொடுக்க முடியும்.

காட்டுயிர் படம் எடுக்கிறவர்கள் பழகுகிற முதல் ஒழுக்கம், நெருங்காதே என்பது. நீள லென்ஸ், மறைவிடம், மணிக்கணக்கான காத்திருப்பு. மா. கிருஷ்ணன் யானை மேல் உட்கார்ந்து, தானே கோத்துச் செய்துகொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களில் அந்த மரியாதை தெரியும். விலங்குக்கு அதுதான் சரி, அதனிடம் கேட்டு எடுக்க வழியில்லை. சிக்கல், நாங்கள் அதே பழக்கத்தோடு ஊருக்குள் வந்துவிடுகிறோம். மனிதரையும் தூரத்திலிருந்து, நீள லென்ஸில், வெளிச்சம் பார்த்து எடுக்கிறோம். கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு ஜீவனிடம் கேட்காமல் இருந்துவிடுகிறோம். கேட்டாலும் 'இன்னொரு தடவை நடந்து வாங்க' என்பதைத்தான் கேட்கிறோம்.

எங்கள் குறும்படத்தில் அவர் நாலு விநாடி வருகிறார். மூணாவது நடை. பின்னணியில் வயலின். பெயர் போடவில்லை. படம் இரண்டு விழாக்களுக்குப் போனது. எனக்கு அடுத்த வேலையும் கிடைத்தது.

போன தை மாதம் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது, தோட்டத்துக்குப் போனேன். வாழை இல்லை, பாதி நிலத்தில் பாக்கு வைத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ட்ரைபாட் தூக்கிக்கொண்டு வந்தவன் என்றதும் "அட, வாங் தம்பி" என்று திண்ணையில் உட்காரவைத்தார். லேப்டாப்பில் படத்தைப் போட்டேன். அவர் வீட்டுக்காரம்மா டீயோடு வந்து பின்னால் நின்றுகொண்டார். தன்னுடைய நாலு விநாடி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சட்ட அந்த பழைய நீலச் சட்ட" என்று அந்த அம்மாதான் சொன்னார்.

அடுத்து, அவர் தோட்டத்தைச் சாய்த்த யானை என்று பார்க்கிறவர்கள் நினைக்கும்படி நாங்கள் ஒட்டிய ஷாட். இருட்டில் ஒரு கொம்பன் மெதுவாகத் திரும்பிப் பார்க்கும். படத்திலேயே எல்லோரும் புகழ்ந்த ஷாட் அதுதான். வேறொரு காட்டில், வேறொரு வருஷத்தில் எடுத்ததை வாங்கிப் போட்டிருந்தோம்.

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். நிறுத்தச் சொன்னார்.

"இது அவன் இல்லீங் தம்பி. நம்மாளுக்கு ஒத்தக் கொம்பு. எடது காதுல ஒரு கிழிசல் இருக்கும். இப்பவும் வந்துட்டுத்தான் இருக்கறான்." அப்புறம் சொன்னார், "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பனே. ராத்திரி ஒம்போது மணிக்கு அந்தப் பள்ளத்தத் தாண்டித்தான் வருவான்."

மணி ஆறரை ஆகியிருந்தது. இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். கேமரா கொண்டுவரலையா என்றார். இல்லை என்றேன்.

"அப்ப இருங்" என்றார்.