பழைய இழை

எங்கள் வீட்டில் தேங்காய் பறிக்க வருபவருக்குத் தனி டம்ளர். ஏன் என்று கேட்டால் அப்பா, "காலங்காலமா அப்படித்தான்" என்பார். பழையது என்பதே ஒரு நியாயமா என்று நான் எகிறுவேன். அந்தக் கேள்விக்கு ஈ. கோலை பாக்டீரியாவிடம் ஒரு பதில் இருப்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அதன் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். பிரதியெடுக்கும் நொதி நொடிக்கு 1,000 எழுத்து அளவில் ஓடுகிறது. ஏறக்குறைய லட்சத்துக்கு ஒருமுறை தவறான எழுத்தைச் சேர்க்கிறது. பெரும்பாலானவற்றை அதுவே பின்வாங்கி வெட்டியெறிகிறது. தப்பியவற்றைப் பிடிக்கப் பின்னாலேயே மியூட்எஸ் என்ற புரதம் வருகிறது. இரு இழைகளும் பொருந்தாத இடத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும்.

இங்கேதான் சிக்கல். பொருந்தவில்லை என்று தெரிகிறது. எது தப்பு என்று எப்படித் தெரியும்? எதிரெதிரே நிற்கும் ஜியும் டியும் தனித்தனியே நல்ல எழுத்துகள்தான்.

ஜிஏடிசி என்று வரும் இடங்களில் ஏ மீது செல் ஒரு மெத்தில் குறி வைக்கிறது. பிரதி எழுதிச் சற்று நேரம் கழித்துத்தான் புதிய இழைக்கு அந்தக் குறி விழும். அதற்குள், குறியில்லாத இழையை மியூட்எச் வெட்டுகிறது. அதாவது, பழையதை நம்பி புதியதைத் திருத்துகிறது. டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் இதைத் துலக்கிய பால் மாட்ரிச்சும் ஒருவர்.

அப்பா ஜெயித்துவிட்டார் என்றே முதலில் தோன்றியது.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். புதிய இழைக்கும் குறி விழுந்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குள் பிடிபடாத பிழை, அடுத்த பிரதியில் தானே பழைய இழையாகிவிடும். அதற்குப் பொருத்தமாக எழுதுவதே சரி என்றாகும். ஒரு வாரிசுக் கிளை முழுக்க அந்தத் தப்பை விசுவாசமாகச் சுமக்கும். பாரம்பரியம் என்பது நேரத்தில் பிடிபடாத பிழையாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் மாற்றம்தான் தர்மமா? போலியோ வைரஸின் நொதிக்குத் திருத்தும் வழக்கமே இல்லை. சுமார் 7,500 எழுத்துகளில் பிரதிக்கு ஒரு பிழை என்ற அளவில் எழுதுகிறது. மேலும் துல்லியமாக எழுதும் திரிபு ஒன்றை எலிகளில் சோதித்தபோது, அதன் நோய் உண்டாக்கும் திறன் குறைந்திருந்தது. தப்பு செய்வதிலேயே அதன் பலம் இருக்கிறது. நமக்கோ, மியூட்எஸ்ஸின் உறவுக்காரப் புரதங்களுக்கான மரபணு பழுதானால் குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. பழமை, புதுமை இரண்டில் எதையும் கண்ணை மூடிக் கும்பிட முடியாது.

பழைய இழை சரியானது என்று செல் சொல்லவில்லை. அதற்கு வேறு சாட்சி இல்லை, அவ்வளவுதான். நமக்கு இருக்கிறது. அந்த டம்ளரைக் கையில் வாங்கும் மனிதர் எதிரே நிற்கிறார். அவரைக் கேட்கலாம்.

அப்பாவிடம் இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.