பெரட்டுக்கு முந்திய வெள்ளி

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் லயத்து வாசல் நமுனுகுலை மலையைப் பார்த்திருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே அப்பாயி எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். மலைக்கு மேலே பளிச்சென்று ஒன்று தெரிந்தால், “விடிவெள்ளி வந்திருச்சு” என்பார். அடுப்பு பற்றும். ரொட்டிக்கு மாவு பிசைவார்.

வானம் பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளிக்கு ஒரு சுற்று 584 நாள். அதில் எட்டரை மாதம் போல விடியலில் நிற்கும். பிறகு சூரியனுக்குப் பின்னே மறைந்து, அந்தியில் மேற்கே அதே அளவு காலம். விடியலில் அது இல்லாத மாதங்களில் அப்பாயி எதைப் பார்த்து எழுந்தார்?

பல நாள் வியாழனாக இருந்திருக்கும். சில நாள் சிரியஸ் விண்மீனாகவும் இருக்கலாம். விண்மீன் நமக்கு வெறும் புள்ளி. அதன் மெல்லிய ஒளி காற்றில் அலைக்கழிந்து மினுக்கும். கோள் சிறு வட்டு என்பதால் நிதானமாக எரியும். வெள்ளியா வியாழனா என்று பிரிப்பதும் எளிதுதான். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. கையை நீட்டிப் பிடித்த முஷ்டி 10 பாகை என்றால், ஐந்து முஷ்டிக்குள் அடக்கம். நடுச்சாமத்தில் உச்சியில் நிற்பது ஒருநாளும் வெள்ளியாகாது. செவ்வாய் சிவப்பு, சனி மங்கிய மஞ்சள். புதனை எங்கள் வாசலிலிருந்து நான் கண்டதேயில்லை. அது மலையைத் தாண்டி வருவதற்குள் விடிந்துவிடும்.

ஆனாலும் ஒரே இரவில் சொல்லும் அடையாளம் அரைகுறைதான். பக்கத்து விண்மீன்களைவிட்டு எது நகர்கிறதோ அதுவே கோள்; அதைக் காண வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நான்கு தலைமுறை ஒரே லயத்து வாசலில் நின்றவர்களைவிட அதற்கு யார் தோதானவர்கள்? அவர்கள் கண்ணில் குறையில்லை. கொழுந்து நிறுத்து, தண்ணீர் சுமந்து, புகைக்குள் குனிந்திருக்கும் அந்தியில் யார் மேற்கே பார்ப்பது? பெரட்டுதான் அப்பாயிக்கு வானத்தில் பாதியைக் காட்டியது. மறுபாதியை மூடியதும் அதே பெரட்டுதான்.

அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு மாலை, கச்சான் காற்று மேகத்தைத் துடைத்திருந்தது. வாசலுக்கு அழைத்துவந்து, லயத்துக் கூரைக்கு மேலே மேற்கில் நின்றதைக் காட்டி, “உங்க விடிவெள்ளிதான் அப்பாயி இது” என்றேன். கையை நெற்றிக்குக் கொடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“இந்த நேரத்துல அதுக்கு என்னடா வேல?” என்றார்.